வேட்டை ஓய்ந்தது! குறி ஓயவில்லை!

திருவண்ணாமலை என்றதும் உங்கள் நினைவுக்கு என்ன வரும்? அண்ணாமலையார் கோயில் வரும். கார்த்திகை தீபம் வரும். பவுர்ணமி இரவில் 14 கிலோ மீட்டர் மலையைச் சுற்றி நடக்கும் ஜனத்திரள் வரும். துப்பாக்கி வராது!

ஆனால் துப்பாக்கிச் சத்தம் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1767-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், மைசூர் ஐதர் அலியும் ஐதராபாத் நிஜாமும் ஒன்று சேர்ந்து கிழக்கிந்தியக் கம்பெனியோடு மோதினார்கள். முதல் சண்டை செங்கத்தில் நடந்தது. அடுத்த சண்டை திருவண்ணாமலையில். கம்பெனிப் படைக்குக் கர்னல் ஸ்மித் தலைவர். இரண்டு இடத்திலும் கம்பெனிதான் ஜெயித்தது.

அது சிப்பாயின் துப்பாக்கி. சண்டை முடிந்ததும் போய்விட்டது. பிறகு வந்தது வேறு துப்பாக்கி. வேட்டைக்குப் போகவும், வீட்டுச் சுவரில் மாட்டவும், நண்பர்களிடம் காட்டிப் பெருமைப்படவும் ஆசை ஆசையாக வாங்கிய துப்பாக்கி. ஜமீன்தார், மிராசுதார், வக்கீல், டாக்டர், வெள்ளைக்கார துரை என்று பலர் அதை வைத்திருந்தார்கள். அந்த ஆசை எப்படி எப்படியெல்லாம் மாறி வந்தது என்பதுதான் இந்தக் கதை. தாத்தா காட்டுப்பன்றியைச் சுட்டார். அப்பா துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டார். பேத்தியோ அட்டையில் உள்ள புள்ளியைச் சுட்டு மெடல் வாங்குகிறாள்!

பன்னிரண்டு உருண்டை

அந்தக் காலத்து வேட்டைக்காரர் வீட்டில் இருந்தது பெரும்பாலும் "பன்னிரண்டு போர்" இரட்டைக்குழல் துப்பாக்கி. இந்தப் "போர்" யுத்தம் அல்ல. குழலின் உள்வாய் அளவுக்கு அப்படி ஒரு பெயர். ஒரு ராத்தல் ஈயத்தை எடுத்து, ஒரே அளவாக 12 உருண்டை உருட்டுங்கள். அதில் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாக நுழையுமோ, அந்தக் குழல் பன்னிரண்டு போர். அதே ஈயத்தை 20 உருண்டையாக உருட்டினால் உருண்டை சிறுக்கும். குழலும் சிறுக்கும். அதனால்தான் இருபது போர் துப்பாக்கி பன்னிரண்டு போரைவிடச் சின்னதாக இருக்கிறது. முதல் தடவை கேட்கிறவர்களுக்குத் தலைகீழாகத்தான் தோன்றும்!

இந்தத் துப்பாக்கியின் தோட்டாவுக்குள் கடுகு, மிளகு அளவில் ஈய ரவைகள் நிறைய இருக்கும். சுட்டதும் அவை விசிறிபோல் பரவும். பறக்கும் கவுதாரிக்கும் ஓடும் முயலுக்கும் இது தோதான ஆயுதம். தூரத்தில் நிற்கும் பெரிய மிருகத்துக்கு வேண்டியது ரைபிள். ரைபிள் குழலின் உட்புறம் திருகாணியின் மரைபோல் வரிகள் ஓடும். குண்டு அந்த வரியைப் பற்றிக்கொண்டு சுழன்றபடி வெளியே போகும். சுழல்வதால் கோணாமல் போகும். பம்பரம் சுழலும்வரை சாயாமல் நிற்கிறதல்லவா? அதே கணக்குத்தான்.

ஏழைக் குடியானவனிடம் இருந்தது நாட்டுத் துப்பாக்கி. கருமருந்தையும் ரவையையும் குழலின் வாய் வழியாகவே போட்டு, கம்பியால் குத்திக் கிட்டிக்க வேண்டும். ஒரு தடவை சுட்டபின், மறுபடி கிட்டித்து முடிக்கும்வரை முயல் காத்திருக்க வேண்டும். அது காத்திருக்குமா?

மார்கழி, தை மாதங்களில் ஏரிகளில் வாத்து வேட்டை நடக்கும். அறுவடைக்கு முன் கொல்லையோரம் பன்றிக்காகக் கண் விழிப்பார்கள். கிடைத்ததைப் பங்கு போட்டுக் கொள்வார்கள். குறி தவறாமல் சுடுகிறவருக்கு ஊரில் தனி மரியாதை இருந்தது. இதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை. அந்த மரியாதைதான் பல பேரைத் துப்பாக்கி வாங்க வைத்தது.

ஒரு சட்டம், இன்னொரு சட்டம்

1857-ம் ஆண்டுப் புரட்சியைக் கண்டு பயந்த வெள்ளைக்கார சர்க்கார், 1878-ல் ஆயுதச் சட்டம் கொண்டு வந்தது. இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க லைசென்சு வேண்டும் என்றார்கள். வெள்ளையருக்கு மட்டும் விலக்கு! சுதந்திரம் வந்தபின் 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டது. 1962 அக்டோபர் 1-ந் தேதி அது அமலுக்கு வந்தது. லைசென்சு முறை நீடித்தது.

வேட்டைக்காரர்களை உலுக்கியது இந்தச் சட்டம் அல்ல. 1970-ல் நாடு முழுவதும் புலி வேட்டைக்குத் தடை வந்தது. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதுவரை பொழுதுபோக்காக இருந்த வேட்டை, அதன்பின் படிப்படியாகக் குற்றமாகிவிட்டது. சுவரில் மாட்டிய புலித்தலைக்கும் தரையில் விரித்த புலித்தோலுக்கும்கூட உரிமைச் சான்றிதழ் கேட்டது சர்க்கார். திருட்டு வேட்டை அதோடு நின்றுவிடவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் கவுரவமான மனிதர் காரில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு குடும்பத்தோடு வேட்டைக்குப் போகும் காலம் முடிந்தது.

வீட்டில் இரட்டைக்குழல் இருக்கிறது. சுட ஆசை இருக்கிறது. சுடுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. என்ன செய்வது? ஆளுக்கு ஒரு வழியாகப் பிரிந்தார்கள். சிலர் சட்டம் வருவதற்கு வெகு காலம் முன்பே பிரிந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் திருவண்ணாமலைக்கே வந்திருக்கிறார்.

மலைக்கு வந்த பழைய வேட்டைக்காரர்

ரமண மகரிஷி திருவண்ணாமலைக்கு வந்தது 1896-ம் ஆண்டு. 1922 வரை மலைமேல் விரூபாட்ச குகையிலும் கந்தாசிரமத்திலும் வாழ்ந்தார். அந்த நாளில் மலையில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. பச்சையம்மன் கோயில் பக்கத்துக் குளத்தில் சிறுத்தைகள் தண்ணீர் குடிக்க வரும். ரமணர் அவற்றைக் கண்டு ஓடவும் இல்லை. அவற்றை விரட்டவும் இல்லை. பின்னாளில் மலையடிவாரத்தில் எழுந்த ரமணாசிரமத்துக்கு இன்று போகிறவர்கள் லட்சுமி என்ற பசுவுக்கும், வள்ளி என்ற மானுக்கும், ஒரு காக்கைக்கும், ஒரு நாய்க்கும் கட்டிய சமாதிகளைப் பார்க்கலாம். மானைச் சுட்டுப் பங்கு போட்ட காலத்திலேயே இங்கே மானுக்குச் சமாதி கட்டினார்கள்!

1950-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். ரமணர் நோயுற்றுக் கடைசி நாட்களில் இருந்தார். அப்போது ஆசிரமத்துக்கு வந்திருந்தார் ஒரு பிரெஞ்சுக்காரர். கையில் சின்னக் காமிரா. பெயர் ஹென்றி கார்த்தியே பிரஸ்ஸோன். 1948-ல் காந்தியடிகள் சுடப்படுவதற்குச் சற்று முன்பு அவரைப் படம் எடுத்தவரும் இவரே. ஏப்ரல் 14-ந் தேதி இரவு, ரமணர் மறைந்த நேரத்தில் வானத்தில் ஒரு பெரிய நட்சத்திரம் மலைப் பக்கமாக மெல்ல நகர்ந்து மறைந்ததைத் தம் கண்ணால் கண்டதாக அவர் சொன்னார். நேரம் இரவு 8 மணி 47 நிமிடம்.

இவருக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது! 1931-ல், இளவயதில், இவர் ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் என்ற பிரெஞ்சுக் குடியேற்ற நாட்டுக்குப் போனார். அங்கே இவருக்குப் பிழைப்பே வேட்டைதான். மிருகங்களைச் சுட்டுக் கிராமத்தாருக்கு இறைச்சி விற்றார். கடுமையான காய்ச்சல் வந்து சாகப் பிழைக்கக் கிடந்தார். ஊர் திரும்பியபின் 1932-ல் ஒரு லைக்கா காமிரா வாங்கினார். அதன்பின் துப்பாக்கிக்குப் பதில் காமிராதான் அவருடைய ஆயுதம்.

சத்தம் இல்லாமல் நெருங்குவது, மூச்சை அடக்கிக் காத்திருப்பது, சரியான கணம் வந்ததும் விரலை அழுத்துவது: இவை எல்லாம் வேட்டைக்காரனின் வித்தைகள். இவற்றையே அவர் காமிராவுக்கும் பயன்படுத்தினார். உலகப் புகழ் பெற்ற புகைப்பட மேதை ஆனார். வேட்டைக்காரனின் கண்தான் ரமணரின் கடைசி நாட்களை நமக்குப் படமாக வைத்துப் போயிருக்கிறது.

இப்படிக் கை மாறியவர்கள் இன்னும் உண்டு. இமயமலை அடிவாரத்தில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்ட ஜிம் கார்பெட், பிற்காலத்தில் புலிகளைச் சினிமாப் படம் பிடிப்பதில்தான் அதிக நேரம் செலவிட்டார். திருவண்ணாமலைக்கு மேற்கே பென்னாகரம், ஜவளகிரிக் காடுகளில் வேட்டையாடிய பெங்களூர் கென்னத் ஆண்டர்சனும் அப்படித்தான். 1954-லிருந்து வேட்டைக் கதைப் புத்தகங்கள் எழுதிப் புகழ் பெற்ற அவர், வயது ஏற ஏறத் துப்பாக்கியைக் குறைத்துக் காமிராவைக் கூட்டினார்.

பறவை ஆராய்ச்சி மேதை சலீம் அலியின் கதையோ பள்ளிச் சிறுவனிடம் தொடங்குகிறது. பம்பாயில் பையனாக இருந்தபோது விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறத் திட்டு இருந்தது. "இது என்ன குருவி?" என்ற சந்தேகம் வந்தது. மாமா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பினார். அங்கே பெட்டி பெட்டியாகப் பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளைப் பார்த்த பையனுக்கு வாழ்க்கையின் பாதையே மாறிவிட்டது. இன்று இந்தியாவில் பறவை பார்க்கும் பழக்கம் உள்ள எவரும் அவருக்குக் கடன்பட்டவர். ஆராய்ச்சிக்காக அவர் பிற்காலத்திலும் பறவைகளைச் சுட்டது உண்டு. அதை அவர் மறைக்கவில்லை.

சுவரில் ஏறிய துப்பாக்கி

இன்னொரு கூட்டம் துப்பாக்கியை விடவில்லை. சுடுவதை மட்டும் விட்டது. இவர்கள் சேகரிப்பவர்கள். தபால் தலை சேர்ப்பவரைப்போல, பழைய நாணயம் சேர்ப்பவரைப்போல, இவர்களுக்குப் பழைய துப்பாக்கிமேல் மோகம்.

சேகரிப்பவர் துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் குறி பார்க்க மாட்டார். கவிழ்த்துப் பார்ப்பார்! செய்தவர் பெயர் பொறித்திருக்கிறதா என்று தேடுவார். இங்கிலாந்தில் செய்த குழல் என்றால் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரை அடியில் இருக்கும். புதுக் குழலில் வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டு வெடித்துப் பார்த்து, தாங்கிய குழலுக்கு மட்டும் அந்த முத்திரை குத்துவார்கள். சென்னைக் கம்பெனிகளின் பெயர் பொறித்த துப்பாக்கிகளும் உண்டு. மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பேர்போன பி. ஆர் அண்டு சன்ஸ் அந்தக் காலத்தில் துப்பாக்கியும் விற்றது. இன்று அதைக் கேட்டால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கிறது!

சில பழைய குழல்களில் பட்டுச் சேலை நெளிபோல அலை அலையாகக் கோலம் தெரியும். இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் சேர்த்து முறுக்கி, ஒரு கம்பியைச் சுற்றி வளைத்து, காய்ச்சி அடித்து ஒட்டிய குழல் அது. டமாஸ்கஸ் குழல் என்பார்கள். பார்க்க அழகு. ஆனால் கருமருந்துக் காலத்துக் குழல் அது. இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடித்துச் சுட்டவர் கையைக் கொண்டுபோய்விடும். அழகான பொருளைக் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்கு இது நல்ல காரணம்.

ஒரு துப்பாக்கியின் வரலாறே அதற்கு விலையைக் கூட்டிவிடும். சம்பாவத் என்ற இடத்தில் நூற்றுக்கணக்கானோரைக் கொன்ற பெண் புலியை 1907-ல் ஜிம் கார்பெட் சுட்டார். அதற்காக ஒரு ரிக்பி ரைபிளை அவருக்குப் பரிசளித்தார்கள். நூறு வருஷத்துக்குமேல் கழித்து, 2015-ல், அதைச் செய்த ரிக்பி கம்பெனியே அந்த ரைபிளைத் திரும்ப வாங்கிக்கொண்டது!

நம் நாட்டில் பழைய ஆயுதங்களுக்கு அந்த யோகம் எல்லாச் சமயத்திலும் வாய்க்கவில்லை. தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் காலமானார். அரண்மனை ஆயுதசாலையில் இருந்தவற்றில் பெரும்பகுதியைப் பின்னர் உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். பொறுக்கி எடுத்த கொஞ்சம் ஆயுதங்கள் மட்டும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. அங்கே போகிறவர்கள் அவற்றைத் தவறாமல் பார்க்க வேண்டும். தனி மனிதர் வீட்டில் முடங்கிக் கிடப்பதைவிட நாலு பேர் பார்க்கும்படி அருங்காட்சியகத்தில் இருப்பதே இத்தகைய பொருளுக்கு நல்லது என்பது என் எண்ணம்.

சுடக்கூடிய துப்பாக்கிகளை எண்ணிக்கை பார்க்காமல் சேர்க்க இப்போது வழி இல்லை. ஒருவர் மூன்றுக்குமேல் வைத்திருக்கக்கூடாது என்று 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. 2019 டிசம்பரில் அது இரண்டாகக் குறைந்தது. மூன்று வைத்திருந்தவர்கள் ஒரு வருஷத்துக்குள் ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும் என்றார்கள். தாத்தாவுடையது, அப்பாவுடையது, தம்முடையது என்று மூன்று வைத்திருந்தவர் எதைக் கொடுப்பார்? சேகரிப்பவர் பாடு திண்டாட்டந்தான்! பழுது பார்த்தாலும் இனிச் சுடவே முடியாத பழைய அரும்பொருளுக்கு மட்டும் சட்டத்தில் விலக்கு உண்டு.

பக்கத்துக் குடகு நாட்டில் வழக்கமே வேறு. அங்கே குடகர்களுக்கு லைசென்சு விலக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருந்து வருகிறது. 2019-ல் அதை 2029 வரை நீட்டித்தார்கள். செப்டம்பர் மாதத்தில் "கைல்போது" என்று ஒரு பண்டிகை. அன்று வீட்டுத் துப்பாக்கியைக் கழுவித் துடைத்துப் பூச்சூட்டிப் பூசை செய்வார்கள். பிறகு தென்னை மரத்தின் உச்சியில் ஒரு தேங்காயைக் கட்டிக் குறி பார்த்துச் சுடும் போட்டி! மிருக வேட்டை போய்த் தேங்காய் வேட்டை மிஞ்சியிருக்கிறது.

புறா போய் மண் தட்டு வந்தது

வேட்டைக்குப் பதிலாக வந்தவற்றில் மிகப் பெரியது விளையாட்டுப் போட்டிதான்.

1900-ம் ஆண்டு பாரிஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயத்தோடு ஒரு போட்டி நடந்தது. உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட வேண்டும். யார் அதிகம் வீழ்த்துகிறாரோ அவருக்குப் பரிசு. நூற்றுக்கணக்கான புறாக்கள் செத்து விழுந்தன. பார்த்தவர்களுக்கே அருவருப்பாகிவிட்டது. பிறகு புறாவுக்குப் பதில் தட்டு வந்தது. 11 சென்டிமீட்டர் அகலம். சுண்ணாம்புத் தூளும் கீலும் சேர்த்து வார்த்தது. பெயர் மட்டும் இன்றைக்கும் "களிமண் புறா"!

சுடுகிறவர் துப்பாக்கியைத் தோளில் வைத்துக் குரல் கொடுப்பார். அவருக்கு 15 மீட்டர் முன்னால் உள்ள பள்ளத்திலிருந்து தட்டு மணிக்குச் சுமார் 100 கிலோ மீட்டர் வேகத்தில் பாயும். எந்தப் பக்கம் பாயும் என்று தெரியாது. ஒரு வினாடிக்குள் கண் பார்க்க வேண்டும், தோள் திரும்ப வேண்டும், விரல் அழுத்த வேண்டும். தட்டு தூளானால் ஒரு பாயிண்டு. இப்படி 125 தட்டுகள். கவுதாரி வேட்டையின் அத்தனை சுவையும் இதில் இருக்கிறது. கவுதாரி மட்டும்தான் இல்லை!

இந்தியாவில் 1951-ல் தேசிய ரைபிள் சங்கம் அமைந்தது. அப்போதைய பார்லிமெண்டு சபாநாயகர் மாவ்லங்கர் அதன் முதல் தலைவர். இந்தியாவுக்கு இதில் பெயர் வாங்கித் தந்தவர் பிகானீர் மகாராஜா கர்னி சிங். அவருடைய தாத்தா கங்கா சிங் வேட்டை விருந்துகளுக்குப் பேர்போனவர். வைஸ்ராய்கள்கூட விருந்தாளியாக வந்து பறவை சுட்டுவிட்டுப் போவார்கள். பேரனோ தட்டைச் சுட்டார்! 1962-ல் கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளி மெடல் வாங்கினார். 1960-க்கும் 1980-க்கும் இடையில் ஐந்து ஒலிம்பிக் பந்தயங்களில் கலந்துகொண்டார்.

தமிழ்நாட்டிலும் இதே கதை நடந்திருக்கிறது. புதுக்கோட்டைத் தொண்டைமான் அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருதிவிராஜ் தொண்டைமான் தட்டுச் சுடுவதில் வல்லவர். 2023-ல் தோகாவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் பெற்றார். அதே ஆண்டு சீனாவில் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியின் மூவரில் ஒருவர். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார். 124 வருஷத்துக்கு முன்பு புறாக்கள் செத்து விழுந்ததும் பாரிஸ் பந்தயத்தில்தான்!

அரை மில்லிமீட்டர் புள்ளி

தட்டுச் சுடுவதற்குத் துப்பாக்கியும் வேண்டும், லைசென்சும் வேண்டும், தோட்டாவுக்குப் பணமும் வேண்டும். ராஜா வீட்டுப் பிள்ளைகளுக்குச் சரி. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு?

அவர்களுக்கு வழி திறந்தது காற்றுத் துப்பாக்கி. மருந்து கிடையாது. அடைத்த காற்றின் அழுத்தத்தால் 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு வெளியே பாயும். தூரம் 10 மீட்டர். குறி அட்டையின் நடுப்புள்ளி எவ்வளவு தெரியுமா? அரை மில்லிமீட்டர்! பேனா முனையால் ஒரு தடவை தொட்டு எடுத்தால் விழுகிற புள்ளி. அதை நின்றபடி 60 தடவை சுட வேண்டும். சுடுகிறவரின் இதயம் துடித்தாலே குறி அசையும். அதனால் இரண்டு துடிப்புக்கு நடுவே விசையை அழுத்தப் பழகுகிறார்கள். ஓடுவது இல்லை, தாண்டுவது இல்லை. அசையாமல் நிற்பதே இந்த விளையாட்டு! உயரம் வேண்டாம், பெரிய உடற்கட்டு வேண்டாம். பெண்கள் இதில் ஆண்களுக்குச் சமமாக, பல சமயம் மேலாகவே சுடுகிறார்கள்.

2008-ல் பீஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்தப் போட்டியில்தான். தனி ஒருவராக இந்தியர் வாங்கிய முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அதன்பின் இந்த விளையாட்டைப் பற்றிய பேச்சு வீட்டுக்கு வீடு நுழைந்தது. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் கைத்துப்பாக்கியில் இரண்டு வெண்கலம் வாங்கினார்.

நம் பக்கத்துப் பெண் ஒருத்தியின் பெயரையும் சொல்ல வேண்டும். கடலூரில் 1999-ல் பிறந்த இளவேனில் வாலறிவன். குஜராத்தில் ஆமதாபாத்தில் வளர்ந்தார். அரண்மனையும் வேட்டைக் காடும் இவர் கதையில் இல்லை. 2019-ல் பிரேசில் நாட்டு ரியோ நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் 10 மீட்டர் ரைபிளில் தங்கம் வாங்கினார். டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் சுட்டார். மெடல் கிட்டவில்லை. பாரிசில் முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. இவர் பத்தாவது. அரை மில்லிமீட்டர் விளையாட்டில் நூலிழையில் தவறுவது இப்படித்தான்.

இதற்கும் செலவு இல்லாமல் இல்லை. சர்வதேசப் போட்டியில் வைத்துச் சுடும் ஜெர்மன் ரைபிள் லட்சக்கணக்கில் விலை ஆகும். ஆகவே எடுத்த எடுப்பில் பிள்ளைக்குத் துப்பாக்கி வாங்கித் தராதீர்கள். ரைபிள் கிளப்புகளில் பழகுகிறவர்களுக்குக் கிளப் துப்பாக்கியே கொடுக்கிறார்கள். கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்தால் முகாமில் பாயிண்டு 22 ரைபிள் சுடச் சந்தர்ப்பம் கிடைக்கும். திருவண்ணாமலை போன்ற ஊரில் சாதாரண வீட்டுப் பிள்ளைக்கு முதல் குண்டு பெரும்பாலும் அங்கேதான்.

ஓர் எச்சரிக்கை. 4.5 மில்லிமீட்டருக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு 2016-ம் ஆண்டு விதிப்படி லைசென்சு தேவை இல்லை. அதற்காக அது பொம்மை அல்ல. கண்ணில் பட்டால் கண் போகும். கிளியைச் சுட்டாலும் மைனாவைச் சுட்டாலும் வன உயிரினச் சட்டப்படி வழக்கு வரும்.

மலைமேல் மாறாத துப்பாக்கி

இவ்வளவு மாறுதலும் ஜவ்வாது மலை ஏறவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்திலும் பரவியிருக்கிறது ஜவ்வாது மலை. அங்கே சாமை விதைக்கிறார்கள். கதிர் முற்றும் நேரத்தில் பன்றி வந்து ஒரே இரவில் உழுது போட்டுவிடும். ஒரு குடும்பத்தின் வருஷச் சாப்பாடு போச்சு! அதனால் மலைக் கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கி ஒழியவில்லை. லைசென்சு இல்லாத துப்பாக்கி பிடிபட்டது என்ற செய்தி அடிக்கடி பத்திரிகையில் வருகிறது. இருட்டில் பன்றி என்று நினைத்து மனிதனைச் சுட்டுவிட்ட செய்தியும் வருகிறது. இறந்தவரும் சுட்டவரும் பல சமயம் ஒரே ஊர், ஒரே உறவு.

நகரத்தில் துப்பாக்கி ஓர் ஆசை. மலையில் அது பயம். பயிர் போய்விடுமே என்ற பயம். ஆசையைச் சட்டம் போட்டு மாற்றிவிடலாம். வயிற்றுப் பயத்தை எதைப் போட்டு மாற்றுவது? காப்புக் காட்டிலிருந்து 3 கிலோ மீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றியை வனத்துறையினரே சுடலாம் என்று 2025-ல் தமிழக அரசு உத்தரவிட்டது. விவசாயி தாமே சுட அனுமதி இல்லை. காட்டுக்குள்ளேயே வாழ்கிறவர்களுக்கு அந்த 3 கிலோ மீட்டர் எங்கே கிடைக்கும்? லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 வருஷம், அதிகம் போனால் 5 வருஷம் ஜெயில். தாமாக முன்வந்து ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று போலீசார் அவ்வப்போது அறிவிக்கிறார்கள். அந்த நாட்களை நழுவவிடாமல் ஒப்படைத்துவிடுவதே புத்திசாலித்தனம்.

பரண்மேல் இருக்கிறதா?

கடைசியாக, பழைய வீடுகளில் இருக்கும் பெண்களுக்கு ஒரு விஷயம். லைசென்சு தாத்தா பெயரில் இருக்கும். தேர்தல் வந்தால் அவரே போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ஒப்படைத்து, தேர்தல் முடிந்ததும் வாங்கி வருவார். வீட்டில் மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர் காலமானதும் துப்பாக்கி பரணுக்குப் போகும். வருஷங்கள் ஓடும். ஒரு நாள் சுத்தம் செய்யும்போது கையில் கிடைக்கும்.

விசையை இழுத்துப் பார்க்காதீர்கள். பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். வாய் வழி மருந்து கிட்டிக்கும் பழைய துப்பாக்கியில் எந்தக் காலத்திலோ கிட்டித்த மருந்து அப்படியே இருக்கலாம். அது வெடிக்கவும் கூடும்.

லைசென்சு வைத்திருந்தவர் இறந்தபின் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது குற்றம். பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்சு பெற்ற ஆயுதக் கடையிலோ தாமதம் இல்லாமல் ஒப்படைக்க வேண்டும். அதற்குப் பிறகு வாரிசு தம் பெயரில் லைசென்சுக்கு மனுச் செய்யலாம். உயிரோடு இருக்கும்போதே மாற்றித் தரவும் வழி உண்டு. 70 வயது ஆனவரோ, 25 வருஷம் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தவரோ, வாரிசு பெயருக்கு மாற்ற மனுக் கொடுக்கலாம். யாருக்கும் வேண்டாம் என்றால் லைசென்சு உள்ள கடைக்கு விற்றுவிடலாம்.

துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்காதீர்கள். முதலில் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லுங்கள். ஒப்படைக்கும்போது துப்பாக்கி நம்பர், செய்த கம்பெனியின் பெயர், தோட்டா எத்தனை என்ற மூன்றையும் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.